பள்ளிக்கூடச் சட்டையும் வலைச் சாயமும்

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன். தையல் சொல்லிக்கொடுக்கச் செங்கல்பட்டிலிருந்து வந்த டீச்சரம்மா. பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் படிக்கிற பிள்ளைகள் இருபத்தாறு பேர். தையல் மெஷினை வண்டியிலிருந்து இறக்க வந்த என் மச்சான், அதாவது என் சம்சாரத்தின் அண்ணன். அவன் இறக்குவதைப் பார்க்க வந்த நான். அவ்வளவுதான்.

வகுப்பு தாய்மார்களுக்கு. தாய்மார் ஒருத்தியும் இல்லை.

பிளாக் ஆபீசில் போட்ட நேரம் காலை பத்து மணி. எங்கள் குப்பத்தில் அந்த நேரத்துக்குத்தான் கட்டுமரங்கள் கரையேறும். மீன் மணலில் விழுந்ததும் பெண்கள் கூடையில் அள்ளிக்கொண்டு மேற்கே ஊர்களுக்கு விற்கப் போய்விடுவார்கள். திரும்பி வர மூன்று மணி ஆகும். நேரம் போட்டவர்களுக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

டீச்சரம்மாவுக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தாய்மார்கள் எல்லாம் எங்கே?"

"மீன் விக்கப் பூட்டாங்கோ," என்றான் மச்சான். "வர மூணு மணி ஆவும்."

"அதுவரைக்கும் நான் யாருக்குச் சொல்லித்தர்றது?"

"நாங்க கீறமே."

"இது பெண்களுக்கு நடத்துற வகுப்பு, அண்ணே. ரிஜிஸ்தர்ல ஆம்பளைங்க பேர் எழுத இடமில்லை."

நான் கேட்டேன். "பேர் எழுதத்தான இடம் இல்ல. கத்துக்க இடம் கீதில்ல?"

மெஷின் மேல் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்தார்.

எனக்கு அந்த மெஷின் வேண்டியிருந்தது. முந்தின வருஷம் அலை புரட்டியதில் கட்டுமரம் என் இடது முழங்கால் மேல் விழுந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கால் பிழைத்தது, மடங்கவில்லை. மடங்காத காலோடு மரத்தில் உட்கார முடியாது. ஒரு வருஷமாகக் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அது வயசானவர்கள் செய்கிற வேலை. எனக்கு அப்போது முப்பது.

டீச்சரம்மா மெஷினின் மிதியைக் காட்டினார். வலது காலை வைத்து அழுத்தினேன். சக்கரம் சுற்றியது. ஒரு கால் போதும்.

கூட வந்த காகிதத்தை வாத்தியார் படித்துச் சொன்னார். மெஷின் நாற்பத்தைந்து நாளைக்கு. அதோடு வெள்ளைத் துணி ஒரு கட்டு. அந்த நாட்களுக்குள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஊர்க்காரர்களே சட்டை தைத்துப் போட வேண்டும். ஆபீசர் வந்து பார்ப்பார். தைத்திருந்தால் மெஷின் பள்ளிக்கூடத்திலேயே இருக்கும். கற்றுக்கொண்டவர்கள் வீட்டுக்குத் தைக்கலாம், கூலிக்கும் தைக்கலாம். தைக்காவிட்டால் மெஷின் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

மறுநாளிலிருந்து வகுப்பு இரண்டானது. காலையில் எங்களுக்கு, மூன்று மணிக்கு மேல் பெண்களுக்கு. டீச்சரம்மா ஆபீசைக் கேட்கவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்தால் சரி என்றார்.

என் சம்சாரம் முதல் நாள் கூடையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாய்யா, பொம்பள வேலைக்கு வந்து குந்திகினு கீற?"

"கட்டுமரத்துக்குப் பாய் தைக்கிறது யாரு? ஆம்பளதான?"

"பாயுக்குக் கை கீதா? கழுத்து கீதா?"

அவள் சொன்னது சரி. நான் தைத்த முதல் சட்டை பாய் மாதிரியே வந்தது. கடலில் காற்று பிய்க்காமல் இருக்க ஓரத்தை இரண்டாக மடித்து இரண்டு ஓட்டுத் தையல் போடுவோம். அதே கையோடு சட்டையையும் தைத்துவிட்டேன். அளவுக்கு ஒரு பையனுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவனால் கையை இறக்க முடியவில்லை. இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றான்.

மச்சான் சொன்னான். "தென்னல் காத்து அடிச்சா புள்ள நேரா கோவளம் போய்ச் சேந்துடும். பஸ் காசு மிச்சம்."

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு பிரித்துத் தைக்கச் சொன்னார். கை சேருகிற இடத்தில் மட்டும் ஒற்றை ஓட்டு, மற்ற இடத்தில் உன் ஓட்டு இருக்கட்டும் என்றார். அப்படியே செய்தேன்.

அளவு எடுப்பதில் வேறு தொல்லை. டேப்பில் எண் இருந்தது. எங்கள் பெண்களுக்கு எண் படிக்க வராது. டீச்சரம்மா மூன்று நாள் சொல்லிப் பார்த்தார். நாலாம் நாள் என் சம்சாரம் டேப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு வலைக் கயிறு ஒன்றை எடுத்தாள். ஒரு பிள்ளையின் தோளில் வைத்துப் பிடித்து முடிச்சுப் போட்டாள். கைக்கு ஒரு முடிச்சு. மார்புக்கு ஒரு முடிச்சு. நீளத்துக்கு ஒரு முடிச்சு. வலையில் கண்ணை, அந்த ஓட்டையை, அளப்பதும் அப்படித்தான். பிள்ளைக்கு ஒரு கயிறு. இருபத்தாறு கயிறும் பள்ளிக்கூடச் சுவரில் ஆணியில் தொங்கின. எது எவனுடையது என்று பிள்ளைகளுக்கே தெரியும்.

"இப்படி எங்க பாடத்துல இல்லையே," என்றார் டீச்சரம்மா.

"இப்ப பாத்துட்ட இல்ல, எழுதிக்கோ," என்றாள் இவள்.

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். கயிற்றையும் முடிச்சையும் படமாகப் போட்டார்.

பெண்கள் அளந்து வெட்டினார்கள். காலையில் நான் மெஷினில் ஓட்டினேன். மச்சான் பித்தான் தைத்தான். அவன் கை முரட்டுக் கை. முதல் வாரம் ஊசி ஏழு உடைந்தது. நாற்பத்திரண்டாம் நாள் கடைசிச் சட்டையும் முடிந்தது. மடித்து மேசையில் அடுக்கினோம். டீச்சரம்மா ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். குறை சொல்லவில்லை. நாளைக்கு வேலையில்லை, மறுநாள் வருகிறேன் என்று ஊருக்குப் போனார்.

அடுத்து நடந்தது என் தப்பு. வேறு யார் மேலும் போட வேண்டாம்.

நாங்கள் புது வலையையோ புதுப் பாயையோ அப்படியே கடலுக்குக் கொண்டுபோக மாட்டோம். அண்டாவில் மரப்பட்டை போட்டுக் காய்ச்சி அந்தச் சாயத்தில் ஊறப்போடுவோம். பருத்தியை உப்பு தின்னாமல் இருக்க அதுதான் வழி. சாயம் போடாத நூல் கடற்கரையில் ஆறு மாசம் தாங்காது. டீச்சரம்மா இல்லாத அன்றைக்கு மச்சான் தன் வலைக்குப் பட்டை காய்ச்சினான். நான் அண்டாவைப் பார்த்தேன். சட்டைகளை நினைத்தேன்.

"மச்சான், சட்டைய கொண்டா," என்றேன்.

"டீச்சரம்மா எதுனா சொல்லுவாங்களா?"

"இன்னா சொல்லுவாங்கோ? நல்லதுதான செய்றோம்."

இருபத்தாறும் உள்ளே போயின.

மறுநாள் டீச்சரம்மா வந்தபோது சட்டைகள் வலைகளுக்கு நடுவில் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தன. வலை நிறம், பாய் நிறம், சட்டை நிறம் எல்லாம் ஒன்று. செங்கல் சிவப்பு. அவர் ஒரு சட்டையைத் தொட்டார். முகர்ந்தார். மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வெள்ளைன்னு எழுதியிருக்கே அண்ணே. நாளைக்கு ஆபீசர் வர்றாரே."

"தொவைச்சா போவுமா?" என்று மச்சானைக் கேட்டேன்.

"போவாதுன்னுதான போடுறோம்."

நாற்பத்து நாலு நாள் மிதித்த மெஷின் நாளைக்கு வண்டி ஏறும். நான் பழையபடி கரையில் வலைப் பொத்தலை முடிந்துகொண்டிருக்க வேண்டும்.

அன்றைக்கு மூன்று மணிக்குப் பெண்கள் வந்தார்கள். என் சம்சாரம் கயிற்றில் தொங்கியதைப் பார்த்து என்னைத் திட்டினாள். கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு நிறுத்திவிட்டு ஒரு சட்டையைக் கையில் எடுத்தாள். எங்கள் வீட்டுப் பழைய பாய் ஒன்று கூரை மேல் கிடந்தது. போய் இழுத்துக்கொண்டு வந்தாள். சட்டையை அதன் மேல் வைத்தாள். வித்தியாசம் தெரியவில்லை.

"போனது போச்சு. வூட்டுல கீற அஞ்சு பொண்ணுங்களுக்கும் இதுல வெட்டலாம்," என்றாள்.

அந்த ஐந்து பேரும் பள்ளிக்கூடத்தில் சேராத சிறு பெண்கள். தாய்மார் மீன் விற்கப் போகும்போது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டில் இருப்பவர்கள். வெள்ளைத் துணி இருபத்தாறு பேருக்குத்தான் வந்தது. அவர்களுக்குக் கிடையாது என்று ஊரில் எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது. பழைய பாய் வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்காது. சிவப்புக்குப் பக்கத்தில் நிற்கும். கடலில் அடிபட்ட பாய், துணி மெத்தென்று இருந்தது.

அதுவரை அங்கேயே உட்கார்ந்திருந்த டீச்சரம்மா எழுந்து மணலைத் தட்டிவிட்டார். "வெட்டுங்க," என்றார்.

பெண்கள் ஐந்து கயிற்றில் புதிதாக முடிச்சுப் போட்டார்கள். அன்று மாலையும் மறுநாள் காலையும் ஓட்டி முடித்தேன்.

ஆபீசர் நாலு மணிக்கு வந்தார், மெஷினை ஏற்ற ஒரு வண்டியோடு. இந்தத் தடவை நேரம் நாங்கள் சொன்னது. வாத்தியார் முன்னாலேயே எழுதிப் போட்டிருந்தார். ஆகவே தாய்மார்கள் இருந்தார்கள், கூடையோடு.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பட்டை வாசனை அடித்தது. ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"நாங்க வெள்ளைத் துணிதானே கொடுத்தோம்?"

டீச்சரம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முன்னால் போனேன். "நான்தான் சாயத்துல போட்டது. அவங்க ஊருல இல்ல."

"ஏன்?"

"உப்புக் காத்து. வெள்ளையா வுட்டா ஆறு மாசம். இது ரெண்டு வருசம் வரும்."

அவர் ஒரு பையனைக் கூப்பிட்டுத் தோள் பக்கத்துத் தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். பையன் கூடவே வந்தான். தையல் விடவில்லை.

"யார் தைச்சது?"

"நான்தான்."

"எங்கே கத்துக்கிட்டே?"

"பாயில கொஞ்சம். இவங்ககிட்ட மிச்சம்."

அவர் காகிதத்தில் எழுதினார். எழுதியதை வாத்தியார் பிறகு எங்களுக்குச் சொன்னார். 'துணி சாயமேற்றிப் பாதுகாக்கப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்ததாம்.

பிறகு பிள்ளைகளை எண்ணிக்கொண்டே போனார். கடைசிக்கு வந்ததும் நின்றார். கையிலிருந்த பள்ளிக்கூடப் பதிவேட்டைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"ஐந்து பேர் அதிகமா இருக்காங்களே?"

வாத்தியார் விவரம் சொன்னார். பழைய பாய், ஐந்து பெண்கள், எல்லாம். ஆபீசர் கேட்டுக்கொண்டார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தைக்கத்தான் இந்த மெஷின். சட்டை போட்டு வரிசையில நிக்கிறவங்க எல்லாரும் பதிவேட்டில இருக்கணும். இவங்களையும் சேர்த்துட்டா நான் கையெழுத்துப் போடலாம். இல்லேன்னா மேலே என்னைக் கேப்பாங்க."

தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி சொன்னாள்.

"இவ பள்ளிக்கூடம் வந்தா கைப்புள்ளைய யாரு பாப்பாங்கோ? கூடைல கீற மீனா?"

நான் மெஷினைப் பார்க்காமல் நின்றேன்.

"தூக்கிகினு வரட்டும்," என்றாள் என் சம்சாரம். "இங்க தூளி கட்டினா தூங்காதா இன்னா?"

"பாடம் நடக்கும்போது அழுதா?" என்றார் வாத்தியார்.

மச்சான் விடவில்லை. "நீங்க கணக்கு நடத்துங்க வாத்தியாரே. எந்தக் கைப்புள்ள முழிச்சிகினு இருக்கும்? ஒங்ககிட்ட படிச்ச எங்க செட்டுல எவனாவது முழிச்சிகினு இருந்தானா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆபீசர் சிரித்துவிட்டார். கடைசியில் வாத்தியாரும் சிரித்தார்.

"கட்டுங்க தூளியை," என்றார்.

நாலு தாய்மார் சரி என்றார்கள். ஐந்தாவது தாய் தலையாட்டவில்லை. அவள் புருஷன் இரவு வலை போட மத்தியானமே கடலுக்குப் போய்விட்டான், கேட்க ஆள் இல்லை. மகளின் சட்டையை இழுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பேர் எழுதலைன்னா சட்டைய திருப்பிக் குடுக்கணுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"வாணாம். அது பாய்த் துணி. நம்மளுது."

"எழுதினா?"

"அப்பவும் உன்னுதுதான்."

அவள் மகளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "அப்ப எழுதிக்கோ," என்றாள்.

வாத்தியார் மெஷின் மேசை மேல் பதிவேட்டை வைத்து ஐந்து பேரையும் எழுதினார். ஒவ்வொரு பெண்ணும் தன் பேரை உரக்கச் சொன்னாள். ஆபீசர் கீழே கையெழுத்துப் போட்டார். வண்டிக்காரனை வெறும் வண்டியோடு போகச் சொன்னார்.

அந்தப் பெண்களின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைகளைச் சேர்க்காமல் வாத்தியார் மொத்தத்தைக் கூட்டிப் போட்டார்.

முப்பத்தொன்று.