டத்தோ மேடையில் போட்ட கையெழுத்து

அரசாங்கத்திடம் டத்தோ பட்டம் வாங்கிய பரமேஸ்வரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குப் போடுகிற பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோய் மடித்து வைத்து, அடுத்த கூட்டத்தில் வேறு யாருக்காவது போர்த்திவிடுவார். இவர் கொடை வள்ளலாம்! கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவருடைய கல்வி அறவாரியம் நடப்பதும் இந்த லட்சணத்தில்தான்.

அந்த ஆளிடம் போய் மாட்டிக்கொண்டாள் எங்கள் புனிதா. அவள் அம்மா ரமணியும் நானும் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரே ஃபேக்டரியில் வேலை. கிள்ளானில் பக்கத்துப் பக்கத்து வீடு. சீனப்பள்ளியில் போட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று ரமணி போட்டாள். பிள்ளையோ பழைய சீன எழுத்துகளின் மேல் பைத்தியமாகிவிட்டது. ஆயிரம் வருடத்துக்கு முன்னால், மழை பெய்யாத ஊர்களின் அதிகாரிகள் சாமிக்கு எழுதிய விண்ணப்பங்களை வைத்து முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம்.

"முதல்ல கெஞ்சிப் பார்ப்பாங்க, உர்சுலா ஆன்டி. மழை வரலன்னா சாமியவே மிரட்டுவாங்க," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தைப்பேயில் இடமும் கிடைத்துவிட்டது. ஆனால் உபகாரச் சம்பளம் தருகிறோம் என்று யாராவது மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் இடம் போச்சு.

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். டத்தோ பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"செத்துப்போன சீனன் என்ன எழுதுனா நமக்கென்னம்மா? நம்ம சமுதாயத்துக்கு இதுல என்ன பிரயோஜனம்?"

அவள் பொறுமையாக விளக்கினாள். இவர் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார்.

"பிஸ்னஸ் மாண்டரின் படி லா. உருப்படுவ."

அந்த வருட உபகாரச் சம்பளம் அவருடைய தங்கை மகன் ரிஷிக்குப் போனது. கோல்ஃப் மைதான நிர்வாகம் படிக்கிறானாம். சமுதாயத்துக்கு அதில் என்ன பிரயோஜனம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தூ!

வெட்கமே இல்லாமல் அடுத்த வாரமே புனிதாவுக்குப் போன் செய்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் அவருடைய போத்தல் ஃபேக்டரியில் பங்கு சேர ஒரு முதலாளி சீனாவிலிருந்து வருகிறாராம். அறவாரிய விழாவுக்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். புனிதா கூடவே நின்று மொழிபெயர்க்க வேண்டுமாம், அதுவும் சும்மா.

"போகாதடி," என்றேன்.

"போறேன் ஆன்டி," என்றாள். கையெழுத்துக்காகத் தைப்பேயிலிருந்து வந்த உபகாரச் சம்பள பாரத்தையும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

விழாவுக்கு நானும் கூடப் போனேன். டத்தோ அந்த முதலாளியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார். அதன் ஓரத்தில் யாருடையதோ பழைய சந்தனக் கறை. பிறகு மைக்கைப் பிடித்து, "இந்தப் பொண்ண சீனப் படிப்பு படிக்க வைக்கிறதே நம்ம அறவாரியம்தான்!" என்றார். மண்டபமே கைதட்டியது. என்ன ஜென்மமோ!

அப்போது முதலாளி புனிதாவின் காதருகே ஏதோ கேட்டார். அவள் பணிவாகப் பதில் சொல்லிவிட்டு மைக்கை வாங்கினாள்.

"டத்தோ அங்கிள், சாருக்கு ரொம்ப சந்தோஷமாம். இந்த நல்ல காரியத்த அவர் கண்ணால பார்க்கணுமாம். இப்பவே கையெழுத்துப் போடுவீங்களான்னு கேக்குறாரு."

பாரத்தை நீட்டினாள். முதலாளி டத்தோவையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்திரிகைக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். டத்தோ செயலாளர் ஜெயராஜைப் பார்த்தார். ஜெயராஜ் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார். வேறு வழி? பல்லைக் காட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஜெயராஜ் அறவாரியத்தின் முத்திரைச் சாப்பைக் குத்தினார். முதலாளி அவசரமாக மேடையை விட்டு இறங்கிப் போனார்.

திரும்பி வரும்போது காரில் எனக்கு மனசு நிறைந்திருந்தது.

"அந்தச் சீன முதலாளி நல்ல மனுஷன்டி. கேட்டாரு பாரு ஒரு கேள்வி!"

"அவரு அதக் கேக்கல ஆன்டி."

"பின்ன?"

"டாய்லெட் எங்கன்னு கேட்டாரு. டத்தோ ஒரு கையெழுத்துப் போடணும், போட்டதும் காட்டுறேன்னு சொன்னேன்."