கூட்டத்தின் கடைசியில் வந்தவர்

என் அக்காவின் கணவரை சைக்கிள் பந்தயக்காரர்கள் ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க வீடு வீடாகப் பார்சல் கொடுப்பார், ஞாயிறு முழுக்க சைக்கிள் மிதிப்பார், எப்போதும் பேசுவார். பந்தயத்தில் கூட்டமாக முடிவுக் கோட்டைத் தாண்டினால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே நேரம்தான் எழுதுவார்கள். அதனால் மாமா முண்டியடிக்க மாட்டார். களைத்தவர்களோடு கதையளந்தபடி கடைசியில் வருவார்.

இந்த வருஷத்து ஐந்து நாள் பந்தயத்தில் ஜெயிப்பவரைத் தொழில்முறை அணி ஒன்று எடுத்துக்கொள்வதாக இருந்தது. மாமாவின் வயதுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. மலை ஏறிய நாளில் அவர் பறந்தார். ஐந்தாம் நாள் முடிவில் பார்த்தால், அவரும் இன்னொருவரும் மொத்த நேரத்தில் சமம்! ஒவ்வொருவராகத் தனியே ஓட்டும் சுற்று நடந்திருந்தால் அதில் பதிவான நொடியின் பின்னத்தை வைத்துத் தீர்த்திருப்பார்கள். இந்த முறை அது இல்லை. தினமும் எத்தனையாவதாக வந்தார்கள் என்று கூட்டிப் பார்க்க நடுவர் கூடாரத்துக்குள் போனார். கூட்டுத்தொகை குறைந்தவருக்கே வெற்றி.

“நேரம் ஒண்ணுதானே, எத்தனாவதா வந்தா என்னன்னு கேப்பியே, இப்ப சொல்லு பாப்போம்,” என்றாள் அக்கா.

“சும்மா இரு தாயே, நடுவர் வெளிய வரட்டும்,” என்றார் மாமா.

நடுவர் வெளியே வந்து மற்றவரின் கையைத் தூக்கினார். மாமா போய் அவரைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டுத் திரும்பினார்.

அக்கா அவருடைய ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். “அடுத்த வருஷமாவது வாய மூடிக்கிட்டு முன்னால போ.”

அடுத்த வருஷம் என்று அவள் சொன்ன பிறகுதான் மாமா அழுதார்.