காதால கல்லு பாத்த வேடியப்பன்

பட்டணத்து வியாபாரி பங்களாவுக்குப் போன பச்சக்கல்லு ரெண்டா உடைஞ்சதுக்கு எல்லம்மாளோட தீட்டுதான் காரணமாம். வெளிய குந்த வேண்டிய நாள்ல கல்லு மேல கால வச்சிட்டாளாம். சொல்றவங்க எல்லாம் கூடவே நின்னு பாத்த மாதிரி சொல்லுவாங்க. கீழத்தெருவுல கேட்டா வலது கால்ன்னுவாங்க, கடைத்தெருவுல கேட்டா இடது கால்ன்னுவாங்க.

பொய் சொல்வானேன், நானும் அத நாலு பேருக்குச் சொன்னவன்தான். மலையடிவாரத்துல முடி வெட்டற கடை வச்சிருக்கறவன், வாய மூடிகினு எப்படி வெட்டறது? அப்பால ஒருநாள் பள்ளிப்பட்டுலருந்து எல்லம்மாளோட தம்பி பஞ்சாட்சரம் பிரார்த்தனைக்கு முடி எடுக்க வந்தான். பாதித் தலை எடுத்துகினு இருக்கறப்ப அவன் சொன்னது கேட்டு என் கத்தி நின்னுபோச்சு. அதுதான் நெசம். கேளுங்க.

எல்லம்மா புருஷன் வேடியப்பனுக்குக் கல்லு பாக்கறது தொழில். உடைக்கறது இல்ல, பாக்கறது. பட்டணத்துல பெரிய பங்களா கட்டறவங்க முன்னெல்லாம் கப்பல்ல இத்தாலிக் கல்லு வரவழைச்சு கூடத்துல போடுவாங்க. யுத்தம் வந்து கப்பல் நின்னுபோச்சா, நம்ம பக்கத்துக் குன்னுங்க மேல அவங்க கண்ணு திரும்பிச்சு. எவன்கிட்டயும் இல்லாத கல்லு வேணும், அதுவும் ஒரே பலகையா வேணும்னு தேடுவாங்க. வேடியப்பன் பாறை மேல ஒரு குடம் தண்ணி ஊத்தச் சொல்லுவான். தண்ணி பட்டாத்தான் கல்லோட நெறம் தெரியும். அப்பால சின்ன சுத்தியால தட்டுவான். கணீர்னா நல்ல கல்லு. டொக்குனா உள்ள கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறல அவன் காது சொல்லிடும். சித்தூர் ஜில்லாவுலயே அப்படி ஒரு காது கெடையாதுன்னுவாங்க.

அந்தக் காதுதான் போச்சு. மிலிட்டரி ரோட்டுக்கு ஜல்லி எடுக்க வெடி வச்சப்போ திரி சீக்கிரம் எரிஞ்சிடுச்சு, இவன் கிட்டக்க நின்னுகினு இருந்தான். உடம்புல ஒரு கீறல் இல்ல. பக்கத்துல நின்னு பேசினா பேச்சும் கேட்டுது. ஆனா கல்லத் தட்டினா எல்லாக் கல்லும் தலகாணிய தட்டின மாதிரி இருந்துதாம். தூரத்துல கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஊரு அத திமிருன்னு வச்சிக்கிச்சு. "பங்களாவுக்குக் கல்லு குடுக்கறவரு, நம்மகிட்டல்லாம் பேசுவாரா"ன்னு என் கடையிலயே கிண்டல் பண்ணுவோம்.

தெரிஞ்சது எல்லம்மாளுக்கு மட்டும்தான். ரெண்டு பேரும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கினாங்க. தண்ணி ஊத்தற சாக்குல அவளும் கூடப் போவா. ஊத்தின குடத்த தலையில வச்சிகினு நிப்பா. அவன் தட்டுவான், அவ கேப்பா. நல்ல கல்லுன்னா குடத்த இடுப்புக்கு எறக்கிடுவா. கீறல்னா தலையிலயே வச்சிருப்பா. அவன் அவளப் பாத்துட்டு, கண்ண மூடி யோசிச்ச மாதிரி பண்ணிட்டு, அப்பால சொல்லுவான். ரெண்டு வருஷம் ஒரு கல்லு தப்பல. பேரு மட்டும் அவனுது.

யுத்தம் முடிஞ்ச வருஷம் ஆதிகேசவன்னு ஒரு ஏஜெண்டு பட்டணத்துலருந்து வந்தாரு. ஒரு வியாபாரி பங்களாவுல சாப்பாட்டு மேசைக்குப் பத்தடி நீளத்துல ஒரே பலகை வேணும். கண்டிகைக்கு அப்பால ஒரு குன்னுல வேடியப்பன் காட்டின கல்லு அவருக்குப் புடிச்சுபோச்சு. கருப்புல பச்சப்பயறு தூவின மாதிரி இருக்கும். பலகைய எடுத்து, பூசை போட்டு, வேடியப்பன் தட்டி நல்ல கல்லுன்னு சொன்னாத்தான் லாரியில ஏத்தறது. இது முழுசா போய் சேந்தா, அவரு எடுக்கற எல்லாக் கல்லுக்கும் இவன்தான்னு பேச்சு.

பூசை வச்ச அன்னிக்குக் காலையில எல்லம்மா வெளிய குந்திட்டா. அந்த நாள்ல பொம்பள பூசை போட்ட கல்லு கண்ணுல படக்கூடாது. அது இங்க இருக்கற வழக்கம்.

"மூணு நாள் தள்ளிப் போடு பாவா"ன்னா.

"இன்னான்னு சொல்லித் தள்றது?"

"காய்ச்சல்னு சொல்லு."

"காய்ச்சல் ஒடம்புக்குத்தானே, காத எடுத்துகினு வாடான்னுவாரு அந்தாளு."

"அப்போ காது போச்சுன்னே சொல்லிடு."

அவன் துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு கெளம்பிட்டான்.

குன்னுல லாரி நின்னுகினு இருந்துது. தேங்கா உடைச்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. ரெண்டு நாள் கழிச்சுப் பாக்கலாமான்னு வேடியப்பன் மெதுவா இழுத்தான்.

"ஏம்பா?"ன்னாரு ஏஜெண்டு.

"தண்ணி ஊத்த ஆளு இல்லீங்க."

"தண்ணி ஊத்த உம்பொண்டாட்டிதான் வரணுமா? குடு, நான் ஊத்தறேன். தையில அவங்க வூட்டுல கல்யாணம். ஒன்னால முடியலன்னா சொல்லு, துளசிங்கத்த இட்டாரேன். அவனும் தட்றவன்தான்."

அவரே ஊத்தினாரு. வேடியப்பன் தட்டினான். இந்த மூலையில தட்டினான், அந்த மூலையில தட்டினான், நடுவுல காத வச்சு தட்டினான். தலைய தூக்கி, வழக்கமா எல்லம்மா நிக்கற எடத்தப் பாத்தான். அங்க ஒரு காரமுள்ளு செடி இருந்துது.

"நல்ல கல்லு"ன்னான்.

பட்டணத்துல பளபளன்னு தேச்சு, மேசக்கால் மேல எறக்கறப்போ பலகை நடுவுல ரெண்டா விட்டுக்கிச்சு. உள்ள பழைய கீறலாம், நூலு புடிச்ச மாதிரி.

ஏஜெண்டு திரும்பி வந்தாரு. அவருக்கும் வியாபாரிகிட்ட சொல்ல ஒரு காரணம் வேணும். எல்லம்மா அன்னிக்கு வெளிய குந்தினது எவன் வாயாலயோ அவரு காதுக்குப் போச்சு. "அதான பாத்தேன்"ன்னாரு. ஊரும் அதான பாத்தோம்னுச்சு. வேடியப்பன் அங்கதான் நின்னுகினு இருந்தான். வாயத் தொறக்கல. தொறந்தா காது வெளிய வந்துடும். பழி பொண்டாட்டி மேல போனா தன் தொழில் தப்பிக்கும்னு கணக்குப் போட்டான்.

அந்தக் கணக்கும் தப்பு. தீட்டுப்பட்ட வூட்டுக்காரன எவன் கல்லு பாக்கக் கூப்பிடுவான்? துளசிங்கத்த கூப்பிட்டாங்க. எல்லம்மாள நாத்து நடக்கூட யாரும் கூப்பிடல. கெணத்தடிக்கு அவ வந்தா மத்த பொம்பளைங்க குடத்த தூக்கிகினு தள்ளி நின்னாங்க. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கோயில் படியேறினப்போ ஒருத்தி, "நீ கடசியா வா"ன்னு கையாலயே நிறுத்தினா. அவ கடசியாவே ஏறினா. மறுநாள் தம்பி வூட்டுக்குப் போயிட்டா.

ஒரு மாசம் கழிச்சு வேடியப்பன் கூப்பிடப் போனானாம். பஞ்சாட்சரம் உள்ளருந்து கேட்டுகினு இருந்திருக்கான்.

"வந்துடு எல்லம்மா."

"ஒன் காதப் பத்தி நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல பாவா."

"தெரியும்."

"எனக்காக நீ ஒரு வார்த்த பேசல."

சாப்பிட்டுப் போன்னு அவளே சொன்னா. சாப்பிட்டுட்டு வந்துட்டான். அவ வரல. இனிமே வரவும் மாட்டா. இப்ப அவன் ரயில் லைனுக்கு ஜல்லி உடைக்கறான். அதுக்குக் காது வேணாம்.

பஞ்சாட்சரம் சொன்னத இத்தன நாளா நான் யார்கிட்டயும் சொல்லல. என்னப் பத்தி தெரிஞ்சவங்களுக்கு இது நம்ப முடியாத சேதிதான். ஆனா வேடியப்பன் நம்ம கடைக்குத்தான் வர்றான், அவன் எதுர்ல இன்னாத்த சொல்றது?

போன வாரம் அவன் சவரத்துக்கு வந்தான். சோப்பு போட்டுகினு இருந்தேன். பெஞ்சுல குந்திகினு இருந்த வீராசாமி, சோப்பு மூஞ்சியில இவன யாருன்னு தெரியாம, பச்சக்கல்லு கதைய ஆரம்பிச்சிட்டான். வலது கால்ன்றான். நான் கண்ணக் காட்டினேன், அவன் பாக்கல. ஒரு ரெண்டு எட்டு தூரம்தான், பேச்சு கேக்கற தூரம்.

வேடியப்பன் என் கையத் தள்ளிட்டு, பாதி மூஞ்சி சோப்போட திரும்பினான்.

"அவ அன்னிக்கு அந்தப் பக்கமே வரல. வந்திருந்தா கல்லு போயிருக்காது. போனது என் காது. அது தெரிஞ்சேதான் நல்ல கல்லுன்னு சொன்னேன்."