புல்லுக்குக் காசு தருவதாகச் சொன்ன இடத்துக்கு

கொழும்பு புறக்கோட்டையில் நாங்கள் இறங்கியபோது விடிந்துவிட்டிருந்தது. மட்டக்களப்பிலிருந்து முன்னூறு கிலோமீற்றருக்கு மேல், இரவு முழுக்க பஸ். கால்கள் வீங்கிச் செருப்பு இறுகிக்கொண்டது. என்னோடு வந்த இருவரும் என்னைவிடக் களைத்திருந்தார்கள். ஆனால் அவர்களுடைய களைப்பு பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே தொடங்கியது.

பாக்கியம் அக்கா, எங்கள் மாவட்டத்தின் மேற்கு எல்லையிலுள்ள மேய்ச்சல்தரையில் மாடு வளர்ப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவி. யோகராசா அண்ணன் செயலாளர். கீழே வயல் விதைக்கும் மாதங்களில் இவர்கள் மாடுகளை அந்தத் தரைக்குக் கொண்டுபோய், பட்டியிலேயே தங்கி, அறுவடை முடிந்த பிறகுதான் ஊருக்கு இறக்குவார்கள். மழைக்கும் யானைக்கும் பழகியவர்கள்தான். சில வருடங்களாக வெளியிலிருந்து ஆட்கள் உழவு இயந்திரங்களோடு வந்து, புல்லைப் புரட்டிச் சோளம் போடுகிறார்கள். அதைத் தடுக்க முறை போட்டுக் கண்விழித்தே இவர்கள் ஓய்ந்துபோனார்கள்.

இந்த நேரத்தில்தான் வெள்ளவத்தையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கம்பனி சங்கத்தைத் தேடி வந்தது. காற்றில் கூடிப்போன கரியமில வாயுவைப் புல் உறிஞ்சி, கரியை வேர்வழியாக மண்ணில் சேர்க்கிறது. தரையை உழாமல், எரிக்காமல், அளவாக மேய்த்துக் காப்பவர்களுக்கு வெளிநாட்டு நிறுவனங்கள் வருடாவருடம் காசு தரும் என்றார்கள். ஒப்பந்தம் இருபது வருடத்துக்கு. கையெழுத்திட இருவரையும் கொழும்புக்கு அழைத்திருந்தார்கள். நான் மொழிபெயர்க்கப் போனவள்.

குளித்து உடுப்பு மாற்ற, கொட்டாஞ்சேனையிலுள்ள யோகராசா அண்ணனின் தங்கை வீட்டுக்குப் போனோம். ஓட்டோவுக்கு முன்னூற்றைம்பது ரூபா. கோயில் மணியும் லொறிகளின் சத்தமும் ஒன்றாகக் கேட்கும் ஒரு ஒழுங்கையில், ஒற்றை அறையும் குசினியுமாக வீடு. தங்கையின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எங்களுக்குப் பாணும் சம்பலும் வைத்துவிட்டு, அவர் யோகராசா அண்ணனோடு வாசலில் நின்று வெகுநேரம் தாழ்ந்த குரலில் கதைத்தார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணை மூடினால் போதும் என்றிருந்தது.

வெள்ளவத்தைக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும். புறக்கோட்டைக்கு வந்து மொரட்டுவ பஸ் பிடித்தோம். பாக்கியம் அக்காவுக்கு இருக்கை கிடைத்தது; நாங்கள் இருவரும் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். காலி முகத்திடலைக் கடக்கையில் யோகராசா அண்ணன் குனிந்து அந்தப் புல்லைப் பார்த்தார். உப்புக்காற்றில் இது எப்படி நிற்கிறது என்று மட்டும் கேட்டார். பம்பலப்பிட்டி தாண்டியதும் நெரிசலில் பஸ் நகரவேயில்லை.

அலுவலகம் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் இருந்தது. குளிரூட்டியின் குளிரில் பாக்கியம் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எங்களை வரவேற்றவர் தர்ஷினி என்ற இளம் அதிகாரி. வெள்ளவத்தையிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். அவருடைய மேலாளர் வெளிநாட்டிலிருந்து கணினித் திரையில் தோன்றினார். நல்ல மனிதர் போலவே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

தரையைத் துண்டுகளாகப் பிரித்து மாறிமாறி ஓய்வு கொடுக்க வேண்டும் என்றார். இருவரும் தலையாட்டினார்கள். தீ வைக்கக் கூடாது. அதற்கும் சரி. மாடுகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றபோது பாக்கியம் அக்கா நிமிர்ந்தார். தரையை யார் உழுதாலும் அந்த வருடக் கொடுப்பனவு நின்றுவிடும் என்றதும் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"நாங்க உழ மாட்டம். உழுறவன் வெளியில இருந்து வாறான். அவன் வந்தா இவங்க என்ன செய்வாங்க எண்டு கேளு புள்ள."

கேட்டேன். அது திட்டத்துக்கு வெளியே உள்ள விடயம், அரசாங்கத்தோடு பேச வேண்டியது என்று பதில் வந்தது. திரை அணைந்த பிறகு தர்ஷினி கதிரையை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அக்கா, நான் ஒளிக்காமல் சொல்லுறன். அந்த வசனத்தை மாத்துற அதிகாரம் இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை. சாப்பிட்டுட்டு, ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுங்கோ."

காலி வீதியில் ஒரு சைவச் சாப்பாட்டுக்கடைக்குப் போனோம். சோற்றைப் பிசைந்தபடி யோகராசா அண்ணன்தான் முதலில் கதைத்தார். கையெழுத்து வைப்போம் என்றார். காசு வந்தால் சம்பளத்துக்குக் காவலாளர் வைக்கலாம், நாங்களும் மனிதர்போல் வீட்டில் படுக்கலாம் என்றார்.

பாக்கியம் அக்கா சோற்றை ஒதுக்கிவைத்தார்.

"மாடு நிக்கிறதாலதான் யோகண்ணன், அது எங்கட தரை எண்டு சொல்லுறம். நம்மகிட்ட காணி உறுதியா இருக்கு? பாதி மாட்டை வித்துட்டா பாதித் தரை வெறுமையாக் கிடக்கும். வெறுமையாக் கிடந்தா உழ வருவாங்க. உழுதா காசும் இல்ல, மாடும் இல்ல."

யோகராசா அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீ சொல்றது சரிதான். எனக்குத்தான் இனி ஏலா, பாக்கியம்."

அந்த மேசையில் இரண்டு பேரும் சரி. எந்தப் பக்கம் பேசுவதென்று தெரியாமல் நான் தண்ணீரைக் குடித்தேன்.

திரும்பிப் போய், பாக்கியம் அக்கா தன் நிபந்தனைகளைச் சொன்னார். ஓய்வு கொடுக்கிறோம், எரிக்க மாட்டோம், மாட்டைக் குறைக்க மாட்டோம், மற்றவர் உழுதால் அது எங்கள் பொறுப்பில்லை. தர்ஷினி அவற்றை ஆங்கிலத்தில் எழுதி மேலாளருக்கு அனுப்பினார். சிறிது நேரத்தில் பதில் வந்தது. இந்த வருடத் தெரிவுக்குள் சேர்க்க முடியாது, அடுத்த முறை பரிசீலிக்கலாம். தர்ஷினி அதைப் படித்துக்காட்டும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கீழ்வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

பின்னேரம் கொட்டாஞ்சேனையில் பைகளை எடுக்கும்போது யோகராசா அண்ணன் தன்னுடைய பையை எடுக்கவில்லை. தான் ஊருக்கு வரவில்லை என்றார். தங்கையின் கணவர் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் காவல் வேலை பார்த்து வைத்திருக்கிறாராம். மழையில்லாத காவல், மாதம் பிறந்தால் சம்பளம். காலையில் வாசலில் நடந்த கதை அதுதான். தன்னுடைய மாடுகளைப் பாக்கியம் அக்கா அவருடைய பட்டியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், பாலில் வருவதை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்றார். அக்கா திட்டவில்லை. சரி என்று சொல்லி, பட்டியில் நின்ற தம்பிக்கு அழைத்து அந்த மாடுகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார்.

ஆனாலும் எங்களை ஏற்றிவிட அவர் புறக்கோட்டைக்கு வந்தார். பஸ் நிலையத்தில் நிற்கும்போது பாக்கியம் அக்காவின் தம்பி பட்டியிலிருந்து அழைத்தார். இருட்டப் போகிறது, யோகராசா அண்ணனின் மாடுகள் காட்டோரத்தில் நின்றுகொண்டு அக்காவின் பட்டிக்கு வர மறுக்கின்றன, கூப்பிட்டாலும் அசையவில்லை என்றார். அக்கா தொலைபேசியை யோகராசா அண்ணனிடம் நீட்டினார்.

"போனைச் சத்தம் கூட்டி மாடுகளுக்கு நேர பிடிக்கச் சொல்லியிருக்கன். நீங்க கூப்பிடுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். நடத்துனர்கள் ஊர்ப்பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். அவர் தொலைபேசியை வாய்க்கு நேரே பிடித்து நீளமாக ஓவென்று குரல் எடுத்து, "புள்ளிச்சி, வாடி மகள், வா" என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். அவர் மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது முறை குரல் உடைந்தது.

தம்பி ஏதோ சொன்னது எனக்கும் கேட்டது. புள்ளிச்சி தலையைத் தூக்கிவிட்டது, நடக்கத் தொடங்கிவிட்டது, மற்றவையும் பின்னால் வருகின்றன.

யோகராசா அண்ணன் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். நாளைக்கும் இந்த நேரம் அழைப்பு எடுக்கச் சொன்னார். புதிய பட்டி பழகும்வரை சில நாள் தேவைப்படும் என்றார்.

பஸ் பேலியகொடையைத் தாண்டியது. நான் பலமுறை இந்த நகரத்துக்கு வந்து, மற்றவர்கள் சொன்னதைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். இம்முறை மூன்று பேராக வந்து இரண்டு பேராகப் போகிறோம். புல் இன்னும் அங்கே நிற்கிறது, காப்பவர்களில் ஒருவர் குறைந்துவிட்டார். அதை எந்த மொழியில் யாருக்குச் சொல்வதென்று யோசித்தபடியே தூங்கிப்போனேன்.