மெனுவில் இல்லாத பக்கம்

கைபேசித் திரையின் மூலையில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சிறு கோடுகள் இருக்கும். அவற்றைத் தொட்டால்தான் இணையதளத்தின் மெனு விரியும். தொடுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது. காந்திபுரத்தில் இணையதளம் கட்டிக்கொடுக்கும் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா நினைவுக்கு வந்துவிடுவார். ஒரு மெனுவுக்காக அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதுவும் எவ்வளவு மரியாதையாக!

பிளாக் எனப்படும் கட்டங்களை அடுக்கித் தளம் கட்டும் தீம்களில், அதாவது ஆயத்த வடிவமைப்புகளில், மெனுவும் ஒரு பிளாக்தான். எந்தப் பக்கம் முதலில், எது எதற்கு அடியில் என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை என்று நினைப்பார்கள். அக்கா அப்படி நினைத்ததில்லை. மெனுவைத் தொடுமுன் வாடிக்கையாளரின் கடைக்குப் போன் செய்து, யார் என்ன கேட்டு வருகிறார்கள் என்று விசாரிப்பார். ஒரு பம்பு மோட்டார் கம்பெனிக்குச் செய்தபோது, கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் எரிந்துபோய்த் தவிக்கும் விவசாயிகள் என்று தெரிந்தது. 'மோட்டார் பழுதா?' என்று ஒரு பக்கம் எழுதி மெனுவின் முதல் இடத்தில் வைத்தார். பெயர், ஊர், என்ன கோளாறு, அவ்வளவுதான் கேட்டது அந்தப் பக்கம்.

கம்பெனி முதலாளியின் மருமகனுக்கு அது பிடிக்கவில்லை. வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் பழுது என்றா பட வேண்டும் என்று கேட்டார். அக்கா விடாமல் வாதாடிவிட்டு, கடைசியில் மெனுவிலிருந்து அதை எடுத்துவிட்டார். பக்கத்தை மட்டும் அழிக்கவில்லை. அதன் முகவரியைச் சேமித்து வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அது வேண்டும் என்று மருமகனிடம் சொல்லியே வைத்திருந்தார்.

ஆடித் தள்ளுபடி நேரத்தில் மருமகன் தானே தளத்தைத் திருத்தும் எடிட்டருக்குள் புகுந்தார். அழகாக்குகிறேன் பேர்வழி என்று மெனுவை அழித்துவிட்டுப் புதிய மெனு பிளாக் ஒன்றைப் போட்டார். காட்டுவதற்கு மெனு எதுவும் இல்லையென்றால் அந்த பிளாக், தளத்தில் உள்ள எல்லாப் பக்கங்களையும் தானாகவே வரிசையில் நிறுத்திவிடும். ஒளித்துவைத்த பக்கமும் வந்து நின்றது. அதன் வழியே மோட்டார் பழுதுப் புகார்கள் கொட்டின. அக்காதான் வன்மத்தில் அதைத் திரும்ப மெனுவில் செருகிவிட்டார் என்று மருமகன் கூசாமல் சொன்னார்.

நான் எங்கள் முதலாளியிடம் போய், அன்று உள்ளே நுழைந்தது யார் என்று கணினியிலேயே காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"உங்க மேல தப்பில்லீங்க அம்மணி, எனக்குத் தெரியுமுங்க. ஆனா அவங்க மனசு கோணிப்போச்சுன்னா நமக்குப் பொழப்பு ஓடாதுங்க. நாளைலிருந்து வர வேண்டாமுங்க."

தெரியாமல் செய்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். அந்த மனிதர் தெரிந்தே செய்தார், வாய் நிறைய 'ங்க' போட்டுக்கொண்டு. எங்கள் ஊர் மரியாதையை எல்லோரும் மெச்சுகிறார்கள். அதே மரியாதையால் கழுத்தையும் அறுக்கலாம் என்று அன்று பார்த்தேன். அக்கா காபியைத் தொடவில்லை.

"அந்தப் பக்கத்தை மட்டும் அழிச்சுப்போடாதீங்க" என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

இந்தக் கோடையில் கோபிசெட்டிபாளையத்தில் அப்பாவின் தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது. அதே கம்பெனி மோட்டார். வாழை வாடத் தொடங்கியிருந்தது. அப்பா கைபேசியை என்னிடம் நீட்டினார். அந்த மூன்று கோடுகளைத் தொட்டேன். முகப்பு, எங்களைப் பற்றி, விருதுகள், கிளைகள் என்று விரிந்தது. பழுது என்ற சொல்லே இல்லை. அக்கா எழுதிய பக்கத்தின் முகவரியை நினைவிலிருந்து அடித்தேன். அது இருந்தது. விவரத்தை எழுதி அனுப்பினேன். அக்கா எழுதிவைத்த வரியே உடனே பதிலாக வந்தது: "கவலைப்படாதீங்க, ஆள் வந்து பார்ப்பாங்க."

யாரும் வரவில்லை. வாழை காய்ந்துவிட்டது. அக்காவின் வேலையைப் பறித்தது போதாதென்று, அவர் கொடுத்த வாக்கையும் பொய்யாக்கிவிட்டார்கள்.