ஏரிக்கு வந்த வெள்ளைத் தண்ணீர்

மழை தூற ஆரம்பித்தால் தெருவில் இருப்பவர்கள் எல்லாம் உள்ளே ஓடுவார்கள். அவள் மட்டும் வெளியே ஓடுவாள். நகரத்தின் மழைநீர் வடிகால்கள் இருபத்திரண்டு இடங்களில் வந்து ஏரியில் விழுகின்றன. அந்த வடிகால் வாய்களில் கயிறு கட்டிய பாட்டிலை இறக்கித் தண்ணீர் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதுதான் அவள் வேலை. முதல் அரைமணி நேரத்து மழைதான் முக்கியம். ஊர்ப் புழுதி, வண்டி எண்ணெய், நாய் போட்டது எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வருவது அந்தத் தண்ணீர்தான். அதைத் தவறவிட்டால், அப்புறம் பிடிப்பது ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வரும்.

ஆய்வகத்தில் பாட்டில் கழுவத்தான் முதலில் சேர்ந்தாள். தண்ணீர் பிடிக்கிறவர் ஏரிக்கரையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொள்ள, ஒரு வாரத்துக்கு மட்டும் போய் வா என்று அனுப்பினார்கள். அந்த ஒரு வாரம் பதினொரு வருடமாகிவிட்டது. கரையில் வலை காயப்போடுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பாட்டிலக்கா. "இந்தத் தண்ணிய யாருக்கா குடிக்கப் போறா?" என்று வம்புக்கு இழுப்பார்கள். "உங்க மீனு குடிக்குது, அந்த மீன நீங்க திங்கிறீங்க" என்பாள்.

மழையில்லாத ஒரு வாரத்தில் அவளும் வேன் டிரைவரும் பதினான்காவது வாய்க்குப் போனார்கள். மழை இல்லாத நாளில் வடிகால் காய்ந்து கிடக்க வேண்டும். தண்ணீர் ஓடுகிறது என்றால் யாரோ எதையோ ஊற்றுகிறார்கள் என்று அர்த்தம். அன்று ஓடியது. அதுவும் வெள்ளை வெளேரென்று.

"பால் வண்டி கவுந்துடுச்சா?" என்றார் டிரைவர்.

"பாலா இருந்தா இந்நேரம் ஊர்ப் பூனையெல்லாம் இங்கதான் இருக்கும்" என்றபடி பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனாள். சுவர்ப் பெயிண்ட். அந்த வாசனை அவளுக்கு அத்துப்படி. அவள் கணவர் பெயிண்டர்; பதினாறு வருடமாக அவர் சட்டையைத் துவைக்கிறவள் அவள். ஆனால் ஊரில் பெயிண்டர்களுக்கா பஞ்சம்?

வெள்ளையைப் பிடித்துக்கொண்டே மேலே போனார்கள். இரண்டு குழாய் சேரும் இடத்தில் மூடியை நெம்பித் திறப்பது, எந்தப் பக்கம் வெள்ளை என்று பார்ப்பது, அந்தப் பக்கம் வேனை விடுவது. ஆறாவது மூடியைத் திறக்கவே தேவைப்படவில்லை. புதிதாகக் கட்டிய மாடி வீட்டின் முன்னால், வடிகால் ஓரம் குத்துக்காலிட்டு ஒருவர் ரோலரைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அவள் கணவர்தான்.

அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, வா வா! இந்தப் பக்கம் எங்க?"

டிரைவருக்குத் திடீரென்று எதிரே இருந்த விளக்குக் கம்பத்தின் மேல் பெரிய அக்கறை வந்துவிட்டது.

"என்னங்க இது, இங்க கழுவுறீங்க?"

"சாக்கடைல கழுவாம கட்டில் மேலயா கழுவுவாங்க?"

அவள் குனிந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். பிறகு பையிலிருந்து, வடிகாலில் ஊற்றுகிறவர்களுக்குக் கொடுக்கும் எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து, வண்டியின் முன்பக்கத்தில் வைத்து எழுதினாள். பேர் கேட்க வேண்டியிருக்கவில்லை. முதலில் சிரித்தவர், அவள் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் நிமிர்ந்தார். சாரத்தின் மேலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுல சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுல சொன்னா பொண்டாட்டி சொன்னதாப் போயிடும். போன மாசம் கார் கழுவுறவருக்கும் இதே காகிதம்தான் குடுத்தேன்." வேனில் ஏறி, பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

மூன்று நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. மகள்தான் தூது.

"அம்மா, அப்பாவுக்கு உப்பு வேணுமாம்."

"கைக்கு எட்டுற தூரத்துலதான் இருக்குன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுங்க" என்று மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

விடுமுறையன்று காலை அவளே இறங்கி வந்தாள். "என்கூட ஒரு எட்டு ஏரி வரைக்கும் வர்றீங்களா?" அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பத்தடி முன்னாலேயே நடந்தார்.

பதினான்காவது வாயில் கற்களெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தன. கோரைப்புல் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வெளுத்திருந்தது. அந்த வெளுத்த புல்லை இழுத்து இழுத்து ஒரு நீர்க்கோழி கூடு கட்டிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் சுத்தம் பண்ற இடத்துக்குப் போகும்னுதானே நெனச்சேன்."

"வீட்டுக்குள்ள கழுவுற தண்ணிதாங்க அங்க போகும். தெரு ஓரத்துல இருக்கறது மழைக்கு மட்டும். நடுவுல ஒரு வடிகட்டி கூடக் கிடையாது. நேரா இங்கதான்."

அவர் கல்லில் உட்கார்ந்தார். "இருபது வருஷமா ஊத்தியிருக்கேன்மா. நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அந்தக் கேள்விதான் அவளைத் தைத்தது. முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தொண்டை வறளப் பேசியிருக்கிறாள். வீட்டில், சோறு ஆறுவதற்குள் சாக்கடைக் கதை எதற்கென்று ஒரு நாளும் எடுத்ததில்லை.

"தப்புதாங்க" என்றாள்.

"எனக்கும் கேக்கத் தோணலயே." சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

அடுத்த வாரமே அவர் மூன்று வாளி வைக்க ஆரம்பித்தார். ஒன்றில் பிழிவது, ஒன்றில் கழுவுவது, ஒன்றில் அலசுவது. மறுநாள் தெளிந்த தண்ணீரை முதல் பூச்சில் கலந்துகொள்வார். அடியில் நின்ற கசடைத் தகரத்தில் காயவைத்து உரித்துக் குப்பையில் போடுவார். கூட்டாளிகள் விட்டுவைக்கவில்லை. "பொண்டாட்டிக்கு இவ்வளவு பயமா?" என்றார்கள். "பயந்துதான் பாருங்களேன், சுகமா இருக்கு" என்றார். மாதம் போகப் போக நாலைந்து பேர் வாளி வாங்கினார்கள். பதினான்காவது வாய் காய்ந்தது. ஒன்பதாவதில் மட்டும் இன்னும் சோப்பு நுரை வருகிறது. எங்கிருந்து என்று அவள் தேடிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பிறகு அவரே மாநகராட்சி அலுவலகத்தில் அனுமதி வாங்கி, விடுமுறை நாட்களில் ஒவ்வொரு வடிகால் ஓரத்திலும் நீல எழுத்தில் எழுதினார்: "இங்கே ஊற்றுவது ஏரிக்குப் போகும்." அவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். ஒரு தெருவில் தூரிகையை வாங்கி அவளும் எழுதிப் பார்த்தாள். 'ஏரி' ஒரு பக்கமாகச் சாய்ந்து, இரண்டு இடத்தில் ஒழுகிவிட்டது.

"நீங்க திருத்திடுங்க" என்றாள்.

அவர் தலையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். "படிக்க வருதுல்ல? இருக்கட்டும்" என்று டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தார்.