பெட்டிக்கும் காது இருந்தது

வெயிலில் காய்ந்த இரண்டு பற்றரிகளின் சூடு... உள்ளங்கையில் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சிரிக்காதீர்கள். புத்தூரில் கரண்ட் இல்லாத காலம். தொண்ணூற்றிரண்டோ மூன்றோ. சண்டையால் பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடை. அதனால் கையில் இருந்த இரண்டையும் சாகவிடாமல், மிளகாய் காயப்போடுகிற சுளகிலேயே போட்டு வெயிலில் வைப்போம். நன்றாய்ச் சுட்டால் இன்னும் இரண்டு பாட்டுக்குத் தாங்கும்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஊர் முன்பள்ளியில் ரீச்சர். ஜேர்மனியில் இருந்த அக்கா, கொழும்பால் வந்த ஒருவரிடம் எனக்கு ஒரு வோக்மன் கொடுத்துவிட்டிருந்தா. ஸ்பீக்கர் கிடையாது, காதுக்குள் செருகித்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அது வந்த பெட்டி இருக்கிறதே...

தடித்த மட்டைப் பெட்டி. முன்பக்கம் திறக்கிற மூடி. உள்ளே வாய்ப்பக்கம் அகன்று வருகிற மாதிரிச் சரிவாய் மடித்த மட்டை. பின்னால் இரண்டு சின்ன ஓட்டைகள். கூடவே ஜேர்மன் மொழியில் ஒரு துண்டு. எழுத்து ஒன்றும் விளங்கவில்லை. படத்தில் மட்டும் பெட்டியின் வாயிலிருந்து வளைவு வளைவாய்க் கோடுகள்.

அப்பா கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

"வெக்கையிலை வைக்கக் கூடாதெண்டு கீறியிருக்கிறான். ஓட்டை காத்துப் போறதுக்கு."

தீர்ப்பு அவ்வளவுதான். பெட்டிக்குப் பொலித்தீன் சுற்றிக் கண்ணாடி அலுமாரியில் ஏற்றிவிட்டார். வெளிநாட்டுப் பெட்டியை எறிகிற ஆள் அவர் இல்லை. வோக்மன் மேசையில் தூசி பிடித்துக் கிடந்தது, பெட்டி ராசா மாதிரி இருந்தது.

அந்த வருசம் முன்பள்ளி விழாவுக்கு எட்டுப் பிள்ளைகளின் மயில் ஆட்டம். பாட்டு கசற்றில் இருந்தது. பழக்குவது எப்படி? நான் காதில் செருகிக்கொண்டு, கேட்கக் கேட்க உரத்துப் பாடுவேன், பிள்ளைகள் ஆடுவார்கள். என் குரலைப் பற்றி நானே சொல்லக்கூடாது. நான் பாடத் தொடங்கினால் கோழிகள் நேரத்தோடு கூட்டுக்குள் போய்விடும் என்று அம்மா சொல்லுவா.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்க, பெரிய ரீச்சர் என்னைக் கூப்பிட்டா.

"இஞ்சை பாரும் பிள்ளை, விழாவிலையும் நீர் இப்பிடிப் பாடினீரெண்டால் சனம் எழும்பிப் போயிடும். பாட்டுக்கு ஒரு வழி பாரும். இல்லாட்டி ஆட்டத்தை விடுவம்."

விடுவதா? தாய்மார் பழைய நீலச் சேலைகளைக் கிழித்துத் தோகை தைத்து முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் வீட்டிலும் தோகையைக் கழற்றுகிறார்கள் இல்லையாம். மைக் செற் பிடிக்கலாமென்றால் ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் வேண்டும். ஜாம் போத்தல் விளக்குக்கே சொட்டுச் சொட்டாய் ஊற்றிய நாட்கள் அவை.

ஒரு வழியும் அகப்படவில்லை. விழாக் காலையில் வோக்மனைக் கையில் எடுத்தேன். மானம் போனாலும் நானே பாடுவதென்று முடிவு.

"வெய்யிலுக்கை கொண்டு போறாய். பெட்டிக்குள்ளை வைச்சுக்கொண்டு போ," என்றார் அப்பா. பொலித்தீனைக் கழற்றித் தந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... மகளைக் கட்டிக்கொடுக்கிற மாதிரி!

முன்பள்ளியில் வோக்மனை வெளியே எடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குத் தோகை கட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மயிலிலும் சின்ன மயில் ரூபா. நாலு வயது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரீச்சர், பெட்டிக்கும் காது இருக்கு!"

இயர்ஃபோன் இரண்டையும் பின்னாலிருந்த ஓட்டைகளுக்குள் செருகினாள். கச்சிதமாய் இறுகிக்கொண்டது.

"அதுக்கும் கேக்கட்டும், போடுங்கோ."

பிள்ளையின் ஆசைக்காகப் பொத்தானை அமத்தினேன்.

பெட்டி பாடியது!

"என்ரை அம்மாளாச்சி!" என்று கத்திவிட்டேன். அந்த வளைவுக் கோடுகள் வெக்கையுமில்லை ஒரு மண்ணுமில்லை... சத்தம்! ஒரு வருசமாய் ஸ்பீக்கரைப் பொலித்தீனில் சுற்றி வைத்துவிட்டு, பாட்டுக்கு வழியில்லையென்று அழுதிருக்கிறோம். உடனே நிற்பாட்டினேன். பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டுமே. ஒத்திகை ஒன்றும் வைக்கவில்லை. அங்கேதான் பிழை விட்டேன்.

விழாவில் எங்கள் முறை வந்ததும், முன்னால் ஒரு கதிரையில் பெட்டியை வைத்து மூடியைத் திறந்துவிட்டோம். "சத்தம் போடாதேங்கோ, பெட்டி பாடப்போகுது," என்று யாரோ சொல்ல, கைக்குழந்தைகளைக்கூட அமத்திப் பிடித்தார்கள். பாட்டு கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. என்ன இனிமையான குரல்!

எட்டு மயில்களும் தோகையோடு நின்றன. ஒன்றும் அசையவில்லை.

"ஆடுங்கோ பிள்ளையள்!" என்றேன் ஒரு பக்கத்தில் நின்று.

ரூபா திரும்பி, முழுச் சனத்துக்கும் கேட்கச் சொன்னாள். "ரீச்சர், இது எங்கடை பாட்டில்லை!"

இரண்டு மாதமாய் அவர்கள் கேட்டது என் குரலை மட்டும்தானே...

வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெட்டியோடு சேர்ந்து பாடினேன். முதல் வரியிலேயே எட்டுத் தோகையும் விரிந்தன. சனம் சிரித்தது, கை தட்டியது, ஒருவரும் எழும்பிப் போகவில்லை. நடுவழியில் பற்றரி செத்தது. நான் நிற்பாட்டவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்தபோது அப்பா பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கொடிகாமத்தில் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வோக்மன் மேசையிலேயே இருந்துவிட்டது. "பெட்டியெண்டாலும் வந்திட்டுது," என்றார் மனுசன்.

இன்றைக்குக் கைபேசி இருக்கிறது, கையளவு ஸ்பீக்கர் இருக்கிறது. வீடே அதிர்கிறது. வந்த பெட்டி அன்றைக்கே குப்பைக்குப் போகிறது.

போன கிழமை கனடாவிலிருந்து ரூபா போனில் கதைத்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் மயில் ஆட்டம் ஆடப் போகிறாளாம், அந்தப் பாட்டு வேண்டுமாம். தேடி எடுத்து உடனே அனுப்பினேன். ஐந்து நிமிசத்தில் திரும்ப எடுத்தாள்.

"ரீச்சர், இது அந்தப் பாட்டில்லை. நீங்கள் பாடி அனுப்புங்கோ."

கதவைச் சாத்திவிட்டுப் பாடினேன்.